லாத்தாவுக்கு எதிராக நான் எழுதிய குறிப்பு

நூருன்னிசா இறந்த செய்தி எனக்கு ஏழாவது ஆளாகத்தான் வந்தது. காலை பத்தரை மணிக்கு எங்கள் வேலைவாய்ப்பு அலுவலகக் காவலாளி என் மேசைக்கு வந்து, "மேடம், நம்ம லாத்தா மௌத்தாயிட்டாங்களாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். எதிர்த்த டீக்கடைக்காரர் சொன்னாராம். அவருக்குத் துறைமுக லாரி ஓட்டுநர் ஒருவர், அவருக்கு இன்னொருவர் என்று வரிசை நீண்டது. பத்தொன்பது வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள் நான். ஊரெல்லாம் தெரிந்தபிறகு எனக்குத் தெரிகிறதே என்று சுருக்கென்றது. துக்கம் அதற்கப்புறம்தான், ஆட்டோவில் போகும்போதுதான் வந்தது. அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அதனால் இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லாத்தா என்பது எங்கள் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடும் சொல். நூருன்னிசாவை மீனவர்களும் லாத்தா என்றார்கள், விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் லாத்தா என்றார்கள். வேறு வழியில்லாமல் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். என்னை எல்லோரும் அரசி மேடம் என்பார்கள். மங்கையர்க்கரசி என்ற முழுப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அக்கா என்று என்னை அலுவலகத்தில் ஒருவரும் கூப்பிட்டதில்லை.

நான் விழிதியூர்க்காரி. தொழிலாளர் சட்டத்தில் முதுகலை படித்தவள். நாடுகளின் அரசு வேலைவாய்ப்புச் சேவைகளை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதினேன். சில நாடுகளில் வேலையில்லாதவருக்கென்று ஓர் அதிகாரியை ஒதுக்குகிறார்கள். அவருக்கு வேலை அமையும்வரை அந்த அதிகாரிதான் பொறுப்பு. வேறு சில நாடுகளில் அதிகாரியே முதலாளிகளைத் தேடிப் போய் ஆள் வேண்டுமா என்று கேட்கவேண்டும். நம் ஊரில் பதிவு செய்யவேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும், பிறகு காத்திருக்கவேண்டும். காலியிடம் இருந்தால் முதலாளி எங்களுக்கு அறிவிக்கவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. எங்களிடமிருந்துதான் ஆள் எடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. இதையெல்லாம் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி, பச்சை அட்டை போட்டு, ஒரு பிரதியை அலுவலக அலமாரியில் வைத்தேன். ஒருவரும் தொட்டதாகத் தெரியவில்லை.

ஒருமுறை பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெரியவர் ஒருவர் தம்பி மகனின் பதிவு விஷயமாக வந்தார். பல வருடம் அங்கே இருந்தவர். அந்த நாட்டுச் சட்டத்தைப் பற்றி நான் மூன்று அத்தியாயம் எழுதியவள் இல்லையா, விளக்க ஆரம்பித்தேன். பெரியவர் கொட்டாவி விட்டார். பக்கத்து மேசையிலிருந்து லாத்தா கேட்டார்: "ஏன் மாமா, அங்க வேலை போச்சுன்னா ஆபீசருகிட்ட நீங்க போவீங்களா, அவங்க கூப்புடுவாங்களா?" அவ்வளவுதான். பெரியவர் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "கூப்புடுவாங்கம்மா. 'ஷோமாஜ்'ல, அதான் வேலையில்லாதவங்க பட்டியல்ல, பேரு எழுதிட்டா, நீ என்ன தேடுன, எங்க தேடுனன்னு கேட்டு உசுர வாங்கிடுவாங்க. ஆனா ஒருத்தி இருந்தா, எனக்காக நாலு கம்பெனிக்கு அவளே போன் பண்ணா" என்று ஒரு மணி நேரம் பேசினார். என் ஆய்வேட்டில் இல்லாத விஷயங்கள் அவை. குறித்துக்கொள்ள ஆசையாக இருந்தது. கௌரவம் பார்த்துக்கொண்டு கோப்பைப் புரட்டினேன்.

வியாழக்கிழமைகளில் லாத்தா கீழவாஞ்சூருக்குப் போய்விடுவார். துறைமுக வாசலில், நிலக்கரி லாரிகள் நிற்கிற இடத்தில், மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு நிற்பார். ஒப்பந்ததாரர்களின் மேஸ்திரிகளிடமும் ஓட்டுநர்களிடமும் பேசுவார். எந்த மெக்கானிக் வளைகுடாவுக்குக் கிளம்புகிறார், எந்த எடைமேடைக்கு ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்புவார். அப்போதிருந்த சட்டப்படி இருபத்தைந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் தனியார் எங்களுக்கு அறிவிக்கத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட வேலையையும் அறிவிக்கத் தேவையில்லை. "சட்டத்தில் இல்லாததை நாம் ஏன் செய்யவேண்டும்?" என்று கேட்டேன். "அறிவிக்கிற வேலை தபால்ல வரும் அரசி. மத்ததுக்கு நாமதான் போகணும்" என்றார். அந்தப் பதிலில் தப்பு கண்டுபிடிக்க முடியாதது எனக்கு எரிச்சலாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலைகளில் அவருடைய மேசை முன்னால் கூட்டம் நிற்கும். என் மேசை முன்னால் மின்விசிறிக் காற்றுக்காக நிற்பார்கள்.

பதவி உயர்வுப் பட்டியலில் நாங்கள் இருவரும் இருந்தோம். இடம் ஒன்றே ஒன்று. அவர் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர், அவருக்குத்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சமயத்தில்தான் கோட்டுச்சேரிமேட்டுக் கலைவாணன் வந்தார். டீசல் மெக்கானிக் படித்தவர், முப்பது வயதுக்காரர். கத்தாரில் இருந்தபோது புதுப்பிக்கத் தவறி அவருடைய பதிவு போய்விட்டது. பதிவில் இல்லாதவருக்கு நாங்கள் பரிந்துரைக் கடிதம் கொடுக்கக் கூடாது. லாத்தா கொடுத்தார். துறைமுகத்தில் ஓர் ஒப்பந்ததாரர் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். நான் கோப்பைப் பார்த்துவிட்டேன். மேலிடத்துக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். கடிதம் செல்லாது, அதைத் திரும்பப் பெறவேண்டும், ஒப்பந்ததாரருக்கும் தெரிவிக்கவேண்டும் என்று எழுதினேன். நேர்மைக்காக எழுதுவதாக அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறாமையில்தான் எழுதினேன்.

மூன்று வாரத்தில் லாத்தாவிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. தலைமை அலுவலகத்தில் யாரோ கவனமில்லாமல் என் குறிப்பின் நகலையும் அதோடு சேர்த்துப் பின் குத்தி அனுப்பிவிட்டார்கள். லாத்தா அதை முழுவதும் படித்தார். எழுந்து என் மேசைக்கு வந்தார். நான் நிமிரவே இல்லை.

"அரசி, ரெண்டாவது பத்தியில விதிய மாத்திப் போட்டுட்டே. இது கெடச்ச வேலைய வேணாம்னு சொன்னவங்களுக்கு உள்ள விதி. புதுப்பிக்காதவங்களுக்கு இதுக்கு அடுத்தது. திருத்தி அனுப்பிடு. இல்லாட்டி உன்னையில்ல கேள்வி கேப்பாங்க" என்றார்.

காகிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்த் தன் வேலையைப் பார்த்தார். அவர் சொன்னது சரி. சட்டம் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்த என் கன்னம் இரண்டும் எரிந்தன. அவர் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். திருத்தி அனுப்பினேன். ஆமாம், அனுப்பவும் செய்தேன்.

தபால் அனுப்புவது என் பொறுப்பு என்பதால், அவர் எழுதிய விளக்கம் என் கை வழியாகத்தான் மேலே போனது. பதிவு இல்லாதவருக்குக் கடிதம் கொடுத்தது தன் தவறு என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு, வேலை தேடுபவருக்கு வேலை கிடைக்கச் செய்வதுதான் இந்தச் சேவையின் நோக்கம் என்பதைப் பிற நாடுகளின் நடைமுறைகளிலிருந்து தெரிந்துகொண்டதாகவும், "எங்கள் அலுவலகத்தைச் சேர்ந்த மங்கையர்க்கரசி அவர்களின் ஆய்வேட்டைப் படித்தபிறகே நான் வியாழக்கிழமைகளில் துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தேன்" என்றும் எழுதியிருந்தார். பக்க எண்கள் கொடுத்திருந்தார். அலமாரியைத் திறந்து பச்சை அட்டைப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் அவருடைய பென்சில் குறிப்புகள். நான் எழுதியதை எனக்கு முன்னால் அவர் செய்துபார்த்துவிட்டாரே என்று அப்போதும் வயிறு எரிந்தது.

கலைவாணனின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலதிகாரி, தாமதப் புதுப்பித்தலுக்கு அனுமதி கொடுத்து விஷயத்தை முடித்தார். லாத்தாவுக்கு எச்சரிக்கை பதிவானது. எச்சரிக்கை உள்ளவருக்குப் பதவி உயர்வு கிடையாது, எனக்கு வந்தது. மறுநாளிலிருந்து லாத்தா ஆட்கள் முன்னால் என்னை மேடம் என்றார். அதில் துளி கிண்டல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை. அதே இடத்திலேயே ஓய்வும் பெற்றார்.

இப்போது புதிய சட்டத் தொகுப்பு வந்து எங்கள் அலுவலகத்தின் பெயரே மாறுகிறது. வேலை தேடுபவருக்கு வழிகாட்டுவதும் ஆலோசனை சொல்வதும் எங்கள் வேலை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நான் கட்டுரையாக எழுதியதும் இதைத்தான். ஆனாலும் படித்தவுடன் என் ஆய்வேடு நினைவுக்கு வரவில்லை, லாத்தாதான் வந்தார்.

அவர் வீட்டுத் தெருவில் ஆட்டோ நுழைய முடியவில்லை, அவ்வளவு ஆட்கள். பெண்களோடு உள்ளே உட்கார்ந்து முகம் பார்த்தேன். ஜனாஸாவை எடுத்துச் சென்றபின் வெளியே வந்தபோது கலைவாணன் துறைமுகச் சீருடையோடு, கண் சிவந்து நின்றார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"மேடம், எனக்கு வேலை கெடச்சதே ஒங்க புத்தகத்தாலதான்னு லாத்தா எப்பவும் சொல்லுவாங்க. ஒங்களப் பாத்து நன்றி சொல்லணும்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். சாகும்வரை லாத்தா என்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, இதுதான் முதல் தடவை. இதையும் நான்கு முறை கிழித்து எழுதினேன். லாத்தாவின் நினைவாக என்னிடம் இருப்பது இந்தப் பொறாமைதான். அவர் போனதால் அது போய்விடவில்லை. முன்பு அவருடைய கூட்டத்தைப் பார்த்து வந்தது, இப்போது அவருடைய மனசைப் பார்த்து வருகிறது.

கலைவாணன், அன்று தெருவில் சொல்லத் தைரியம் வரவில்லை. உங்கள் வேலையைப் பறிக்கச் சொல்லி எழுதியவள் நான்தான். அது லாத்தாவுக்குத் தெரியும். உங்களிடம் அவர் சொல்லவில்லை.