எட்டு மணிக்கு நான் போட்ட டிக்

"நர்சம்மா, இந்த அக்கா என்னமோ மாரி கெடக்காவ, வந்து பாருங்க!"

பக்கத்துக் கட்டில்காரரின் குரல். காலை பத்து மணி. முத்துலெட்சுமி அக்காவின் நெற்றி, கழுத்து, தலையணை எல்லாம் வேர்வை. கூப்பிட்டால் கண் திறக்கிறது. பார்வை என்னிடம் வந்து சேரவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி எடுத்து வந்தார். "வாயில ஊத்திராதீங்க, பொரை ஏறிரும்" என்று தடுத்துவிட்டு, விரல் நுனியில் குத்தினேன். மீட்டரில் சுகர் முப்பத்தாறு; எழுபதுக்குக் கீழே போகக் கூடாது.

டாக்டர் ஓடி வந்தார். ஆன்டிபயாட்டிக்குக்காகப் போட்ட ஐவி லைன் கையிலேயே இருந்தது. அதில் டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் ஏறியது. எங்கோ தூரம் போய்விட்ட ஒரு மனுஷி திரும்பும் வழியைப் பார்த்து நிற்பதுபோல் நின்றேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை. அத்தனை நீளமான நிமிடங்கள் எனக்கு வேறு இல்லை.

உதடு அசைந்தது. "செல்வி எங்க?" மகளைத்தான் கேட்டார்.

காலையில் நடந்தது இதுதான். சர்க்கரை நோய், கால் விரலில் புண் என்று சேர்ந்திருந்தவர் அவர். ஏழரைக்குச் சுகர் பார்த்தேன், ஆர்டரைப் பார்த்தேன், பெயரைக் கேட்டேன். எங்கள் வார்டு இன்சார்ஜ் ஸ்டெல்லா சிஸ்டர் அளவைச் சரிபார்க்க, இன்சுலின் பதினாறு யூனிட் போட்டேன். சரியான ஆள், சரியான மருந்து, அளவு, வழி, நேரம். படித்த ஐந்தும் சரி. "அரை மணி நேரத்துல சாப்டிரணும்க்கா" என்றும் சொன்னேன். எட்டு மணிக்கு டிராலியைத் தள்ளிக்கொண்டே, நிற்காமல் கேட்டேன்.

"சாப்டாச்சாக்கா?"

"ஆச்சு ஆச்சு. நீ சாப்ட்டியாம்மா?"

"இனிமேத்தான்."

சார்ட்டில் 'சாப்பிட்டார்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

கட்டிலடியில் இருந்த தூக்குவாளியை இப்போது திறந்தால் நாலு இட்லி, கை படாமல்.

தகவல் போய், வேலை பார்க்கும் தறி செட்டிலிருந்து ஓடி வந்தாள் செல்வி, தலைமுடியெல்லாம் பஞ்சு. டாக்டர் அவள்மேல் பாய்ந்தார். "ஊசி போட்ட ஆளச் சாப்பிட வைக்காமயா போவீங்க? உயிர் போயிருக்கும், தெரியுமா?"

"இட்லிய வச்சிட்டுத்தான் சார் போனேன். ஓனரு போன் மேல போன் போடுதாரு... நாந்தான் எங்கம்மையக் கொன்னுருப்பேன்." சுவரோடு சரிந்து அழுதாள்.

சார்ட் என் கையில். ஸ்டெல்லா சிஸ்டர் காதோரம் சொன்னார்: "ஏட்டி, சும்மா இரு. சாப்ட்டேன்னு அவியளே சொல்லிருக்காவல்லா?"

உண்மைதான். கேட்டேன், சொன்னார், குறித்தேன். காகிதத்தில் நான் சுத்தம். அந்தப் பெண்தான் ஆயுசுக்கும் அம்மாவைக் கொல்லப் பார்த்தவளாகவே தன்னை நினைத்து வாழ்வாள்.

"சார், அவ மேல தப்பில்ல. டிக் போட்டது நான். தூக்குவாளியத் தொறந்து பாக்கல."

"எழுதிக் குடுங்க" என்றார் டாக்டர். எழுதிக் கொடுத்தேன். மெமோவும் வந்தது. செல்வி அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை.

மதியம், தெளிந்த முத்துலெட்சுமி அக்காவிடம் கேட்டேன். "ஏன்க்கா சாப்டேன்னு சொன்னீங்க?"

"வெரல எடுக்கப்பிடாதுன்னு ஆடி மாசம் கோயிலச் சுத்துத ஆடிச்சுத்து நேந்திருந்தேன். இந்தக் காலோட கோயில எங்கன சுத்த? அதான் பதிலுக்கு வெரதம்னு வயித்தக் காயப்போட்டேன். சொன்னா ஊசி போட மாட்டிய. புண்ணு ஆறாதுல்லா?"

"அதுக்காகப் பொய் சொல்லலாமா?"

"பொய்யா? போற போக்குல சாப்டாச்சான்னு கேட்டா, ஆச்சுன்னுதான சொல்லுவாவ? நீ நின்னு கேட்டிருந்தா சொல்லிருப்பேன்மா."

வார்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீட்டு வாசலில் கேட்கும் கேள்வியை வார்டில் கேட்காதீர்கள். வீட்டு வாசல் பதில்தான் கிடைக்கும். ஊசிக்கு முன்பே விரதமா என்று கேளுங்கள். சாப்பிட்டதைக் கண்ணால் பாருங்கள். டைம் இல்லை என்பீர்கள். எனக்கும் அன்று இல்லை.

மறுநாள் காலை இன்சுலின் போட்டு, நேரம் பார்த்து, கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா இட்லியைப் பிட்டார், என்னைப் பார்த்தார், வைத்தார்.

"ஏம்மா, இப்பிடிக் குறுகுறுன்னு பாத்தா எனக்கு எப்பிடி எறங்கும்?"

"எறங்குத வரைக்கும் நிப்பேன்க்கா."

மூன்றாவது இட்லி முடிந்த பிறகு சார்ட்டில் எழுதினேன்: மூன்று இட்லி, நேரில் பார்த்தது.