ஆடிக்காக நிறுத்திய வண்டி

எங்கள் கடை வில்லியனூர் ரோட்டில் இருந்தது. கடை என்றால் நாலு சுவர் இல்லை. கம்பி வேலி போட்ட பெரிய மனை. பொக்லைன், ரோடு ரோலர், கலவை மெஷின் எல்லாம் விற்பனைக்கு வரிசையாக நிற்கும். வீட்டுக்காரர் காலமான பிறகு மகன் நடத்தினான். பேப்பரில் முதலாளி நான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படிப்பு அவ்வளவுதான்.

ஆனாலும் புது வண்டிச் சாவியை என் கையால்தான் வாங்க வேண்டும் என்று ஆட்கள் நிற்பார்கள். கைராசி என்று பேர். எனக்குக் காய்ச்சல் என்று கேட்டு, செலியமேட்டுக்காரர் ஒருவர் இரண்டு நாள் காத்திருந்து வாங்கிப் போனார். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன வருஷம் ஆனி கடைசி நாள், பொழுது சாயும் நேரத்தில் ஏம்பலத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கரும்பு கட்டுப்படியாகவில்லை என்று நிலத்தை விற்றிருந்தார். பொக்லைன் வாங்கி வாடகைக்கு ஓட்டப் போவதாகச் சொன்னார். முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, இப்போதே எடுத்துப் போகிறேன் என்றார்.

"விடிஞ்சா ஆடிப்பா. இருட்டுற நேரத்துல எடுத்துக்கினு போயி வூட்டாண்ட நிறுத்தினா நல்லாவா இருக்கும்? ஆவணி மொத முகூர்த்தத்துல நானே சாவி குடுக்கறேன். பில்லும் அன்னிக்கே போட்டுக்கலாம்" என்றேன்.

அவர் ரசீதுகூடக் கேட்கவில்லை. வண்டியின் மண் அள்ளும் கையில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, இது உன்னுடையது என்று காட்டினேன். சந்தோஷமாக பஸ் ஏறிப் போனார்.

ஆடி பாதியில் கடை மூழ்கியது. ரோடு வேலை எடுத்தவர்கள் வண்டியைக் கொண்டுபோய்ப் பணம் தராமலே இழுத்தடித்ததில், மகன் எப்போதோ திவால் மனு போட்டிருக்கிறான். அதற்கு என்னிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறான். என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. கோர்ட்டு அனுப்பிய அதிகாரி வந்து ஒவ்வொரு வண்டிக்கும் நம்பர் ஒட்டிக்கொண்டே வந்தார். மஞ்சள் துணி கட்டிய வண்டியிலும் ஒட்டினார்.

"அது எங்களுது இல்ல தம்பி. வித்தாச்சி."

"பில் இருக்காம்மா?"

"ஆடியில பில் போட மாட்டோம்."

அவர் சிரித்துவிட்டார். "சட்டத்துக்கு ஆடி ஆவணியெல்லாம் தெரியாதும்மா."

"உங்க வூட்ல மட்டும் ஆடியில கல்யாணம் வைப்பீங்களா?"

மகன் என்னை ஓரமாக இழுத்தான். "யம்மா, கம்முனு இரு. அதுவும் லிஸ்ட்ல போனா நமக்குக் கொஞ்சம் பாரம் கொறையும். அந்தாள அப்பறமா பாத்துக்கலாம்."

"அவரு பணமுந்தான் கடனுக்குப் போயிடுச்சே. இன்னாத்த வச்சிப் பாத்துக்குவ? உன் சட்டைய வித்தா?"

தலையைக் குனிந்துகொண்டான். பதினைந்து நாள் தாடி. அவனைத் திட்டவும் எனக்குத் தெம்பில்லை. அந்த மனுஷன் அன்றைக்கே எடுத்துப் போகிறேன் என்றுதானே சொன்னார். நிறுத்தியது நான்.

அதிகாரி லிஸ்டை நீட்டி, முதலாளி கையெழுத்து வேண்டும் என்றார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் படிச்சிச் சொல்லட்டுமாம்மா?"

"வேணாம்பா. போன தபா படிக்காம போட்டுட்டுதான் இப்ப இங்க குந்திக்கினு இருக்கறேன்."

வெயில் ஏறிவிட்டது. அந்த வண்டியின் வரி வந்ததும் விரலை வைத்தேன். "இங்க எழுது. இது ஏம்பலத்துக்காரருது. முழுப் பணமும் வாங்கிக்கினேன். பில் போடாதது என் தப்பு."

"எழுதிட்டா நாளைக்கு கோர்ட்ல உங்களத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். எழுதலன்னா கையெழுத்து கெடையாது."

எழுதினார். அதையும் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆவணி முகூர்த்தமெல்லாம் போனது. பஸ் மாறி மூன்று தடவை கோர்ட்டுக்குப் போய் அதையே சொன்னேன். கார்த்திகையில்தான் வண்டியை விட்டார்கள். அதற்குள் எங்கள் வீடும் போய், நெட்டப்பாக்கத்தில் வாடகைக்கு வந்துவிட்டோம்.

ஏம்பலத்துக்காரர் அங்கே தேடி வந்தார். கையில் சாவி. நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். சாவியை என் கையில் தந்து வாங்கிக்கொள்ளத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பூசை போட்டாச்சிம்மா. மச்சான் கையால சாவி வாங்கிக்கினேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நல்லதுப்பா" என்றேன். மூழ்கிப்போன கடைக்காரி கையால் யார் வாங்குவார்கள்? நானாக இருந்தாலும் வாங்க மாட்டேன்.

மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். அவர் தெரு திரும்பிய பிறகுதான் தெரிந்தது, எப்போதோ உலர்ந்துவிட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.