அறுநூற்றுப் பன்னிரண்டாம் பதிவு

தம்மய்யாவை ஹேமாவதி முதலில் அறிந்தது குரலால்தான். அந்தக் குரலும் தம்மய்யாவுடையது அல்ல.

ஹாசனில் ஒரு வாரமாக விடாத ஆடிச் சாரல். பாடம் நடத்தும் கல்லூரிக்குக் கிளம்புமுன் வழக்கம்போல் கணினியைத் திறந்தாள். புதிதாக வந்திருந்த மென்பொருள் பொதிகளின் வரிசையில் 'ஜலஜா குரல்' என்று ஒன்று நின்றது. அனுப்பியவர் தம்மய்யா, அரசிகெரெ. அதை நிறுவி, எதிரே கிடந்த ஒரு கன்னடச் செய்தியைப் படிக்கச் சொன்னாள். அதுவரை அவள் கேட்ட கணினிக் குரல்களெல்லாம் தகர டப்பாவுக்குள் யாரோ மாட்டிக்கொண்டு பேசுவது போலிருக்கும். இது அப்படி இல்லை. ஹாசன் பக்கத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். வாக்கியம் நீண்டால் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை ஹேமாவதி கவனிக்கவே இல்லை.

'ஹொங்கே' என்பது கன்னடக்காரர்கள் சிலர் சேர்ந்து கட்டி, யாருக்கும் சும்மா தருகிற கட்டற்ற மென்பொருள் தொகுப்பு. அரசுக் கல்லூரிகளிலும் பார்வையற்றோர் பள்ளிகளிலும் அதுதான் ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் அதற்குப் பொதி அனுப்பலாம். ஆனால் உள்ளே போகுமுன் ஒருவர் அதைப் பிரித்து, கோப்பு கோப்பாகப் பார்த்து, மூன்று கேள்வி கேட்பார். செய்தது யார்? அவர் சம்மதம் எங்கே? மூலம் எங்கே? பார்ப்பதையெல்லாம் பொதுப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வரவேண்டும். எழுதிய குறிப்பை அழிக்க முடியாது. ஆறு வருடமாக அந்த வேலை ஹேமாவதியுடையது. குழுவில் அவளுக்குப் பட்டப்பெயர் 'செக்போஸ்ட்'.

அவள் சக்லேஷ்புரத்துக் காபித் தோட்டக் கூலியின் மகள். அந்த லைன் வீடுகளிலேயே முதல் பட்டதாரி. கல்லூரியில் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது, பட்டியலை மேலிருந்து கீழாக அப்படியே வாசித்த ஒரு குமாஸ்தாவால். சிபாரிசோடு வந்து நின்றவனை, "உன் பேரு இதுல இல்லையேப்பா" என்று திருப்பி அனுப்பியவர் அவர். அன்றிலிருந்து விதிகளின் மேல் அவளுக்கு ஒரு நன்றி உண்டு. மற்றவர்களுக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது.

பொதியில் குறை இருந்தது. மூலப் பதிவுகள் இல்லை, சம்மதமும் இல்லை. கேட்டு எழுதினாள். மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

"அரசிகெரெ தம்மய்யா பேசறேன். பாங்க்ல போன் ஆபரேட்டர். இருபத்தாறு வருஷமா அடுத்தவங்க பேச்ச இணைச்சு விட்டுட்டிருக்கேன், இன்னிக்குத்தான் எனக்குன்னு பேசறேன். எல்லாந்தான் அனுப்பியாச்சே தாயி, இன்னும் என்ன மூலம்?"

"நீங்க அனுப்பினது வெந்த சோறு அண்ணா. எனக்கு அரிசியும் வேணும். நாளைக்கு இன்னொருத்தர் இதத் திருத்தணும்னா எத வெச்சுத் திருத்துவாங்க? அவங்க உக்காந்து பேசின பதிவு அத்தனையும் குடுங்க. வெட்டாம."

"வெட்டாமலா?"

"ஒரு நொடி கூட."

"அதுல வீட்டுப் பேச்செல்லாம் இருக்கு டீச்சரம்மா."

"இருக்கட்டும். அப்புறம், சம்மதம்னு அவங்க கையெழுத்து..."

"கையெழுத்துக்கு எங்க போவேன்? அவ போய் ரெண்டு வருஷம் ஆகுது."

கேட்டிருக்கக் கூடாது என்று ஹேமாவதிக்குப் பட்டது. ஆனால் விதி நினைவில் இருந்தது. "அவங்க குரல்லயே எங்கயாவது சரின்னு சொல்லியிருந்தாலும் போதும் அண்ணா. பதிவுல இருக்கும், பாருங்க."

"டிஸ்க நான் தபால்ல அனுப்ப மாட்டேன். வந்து வாங்கிக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் ரயிலில் போனாள். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. தம்மய்யாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஒரு சொட்டு சிந்தாமல் காபி ஆற்றிக் கொடுத்தார். "குடிங்க. கண்ணு தெரியாதவன் வீட்ல சக்கரை தூக்கலாத்தான் இருக்கும்."

பத்தொன்பது வருடம் மனைவி ஜலஜாட்சி அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். பேப்பர், பாங்க் சுற்றறிக்கை, பஸ் போர்டு, மாத்திரைப் பட்டையின் பின்பக்கம். தொண்டையில் கட்டி என்று தெரிந்தது. குரல் போய்விடும் என்றார் டாக்டர். தம்மய்யா அழவில்லை. மைக் வாங்கினார். காலையில் அவள் பேச முடிகிற வரை நான்கைந்து வாக்கியம் படிக்கவைத்துப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளைக் கொண்டு கணினிக் குரல் கட்டுவது எப்படி என்று தானே தேடிக் கற்று, அவள் போனபிறகு ஒன்றரை வருடம் உட்கார்ந்து கட்டி முடித்தார்.

"இப்ப எனக்கு அவதான் எல்லாம் படிக்கறா. ஆனா ஒரே மிஷின், ஒரே டிஸ்க். அது படுத்துதுன்னா அவ ரெண்டாந்தடவ போயிடுவா. ஹொங்கேல சேத்துட்டீங்கன்னா ஊருக்கு ஒரு மிஷின்ல இருப்பா. எது கெட்டாலும் எங்கயோ யாருக்கோ படிச்சுக்கிட்டிருப்பா. ஆகஸ்ட் பத்தோட வரிசைய மூடறீங்களாமே? விட்டா அடுத்த பதிப்புக்கு இன்னும் ரெண்டு வருஷம்."

ஜலஜாட்சியின் ரவிக்கைத் துணியில் சுற்றி வைத்திருந்த டிஸ்கை நீட்டினார். நீட்டியவர் உடனே விடவில்லை.

"எல்லாத்தையும் கேப்பீங்களா?"

"எல்லாத்தையும்."

"கேளுங்க. நான் ஒண்ணையும் வெட்டல."

ஆயிரத்து நூற்று நாற்பது பதிவுகள். காலையில் கல்லூரிக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் என்று ஹேமாவதி கேட்டாள். வாக்கியத்துக்கு வாக்கியம் நடுவே ஒரு குடித்தனமே இருந்தது. குக்கர் விசில், ரயில் சத்தம், இருமல். "ஏங்க, 'மகிழ்ச்சியான யானை மாம்பழம் தின்றது'ன்னு எவன் எழுதிக் குடுத்தான்? நீங்கதானா? நெனச்சேன்." தம்மய்யா சிரிப்பது தூரத்தில் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஹேமாவதி ஒரு வரி குறித்தாள். 'குக்கர் சத்தம். சரி.' 'இருமல். சரி.' கை தானாகவே எழுதும், அனுப்பும், அடுத்ததைத் திறக்கும்.

அறுநூற்றுப் பன்னிரண்டில் வாக்கியம் முடிந்ததும் ஜலஜாட்சி சொன்னாள்: "போதுங்க இன்னிக்கு. இதக் கொண்டுபோய் ஊருக்கெல்லாம் குடுத்துராதீங்க. உங்களுக்குன்னுதான் படிக்கறேன். ஆமா, சொல்லிட்டேன்." பிறகு சிரிப்பு. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஹேமாவதியின் கை எழுதியது: 'இந்தக் குரலைப் பிறருக்குத் தர வேண்டாம் என்று பேசுபவரே சொல்கிறார்.' அனுப்பியது. அறுநூற்றுப் பதின்மூன்றைத் திறந்தபோதுதான் தான் எழுதியது என்ன என்று அவளுக்கு உறைத்தது.

மைசூரிலிருந்து சதானந்த் கூப்பிட்டார். ஹொங்கேயின் அடுத்த பதிப்பை வெளியிடும் பொறுப்பு அவருடையது.

"ஏன் செக்போஸ்ட், எழுதறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? உலகத்துலயே அந்த அறுநூத்துப் பன்னண்டக் கேக்கற ஒரே ஆள் நீதான்."

"கை பழக்கம் சார்."

"உன் பழக்கத்துல தீய வெக்க. அந்தம்மா விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்ல?"

"இருக்கலாம். விளையாட்டுன்னு எதுல பார்த்து எழுதறது?"

அன்று சாயங்காலமே தம்மய்யா கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை.

"உங்க குறிப்பு வந்துச்சு டீச்சரம்மா. அவளே படிச்சுக் காட்டினா."

ஹேமாவதிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவருக்கு எதையும் படிப்பது அந்தக் குரல்தானே. 'பிறருக்குத் தர வேண்டாம்' என்பதை ஜலஜாட்சியின் குரலே, நடுவில் மூச்சு வாங்கி, அவருக்குச் சொல்லியிருக்கிறது.

"அண்ணா, அந்தப் பேச்சு அதுல இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமலா? ஆயிரம் தடவ கேட்டிருக்கேன்."

"அப்ப ஏன் எடுக்கல? எடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே!"

"நீங்கதான வெட்டாம வேணும்னீங்க. அவ சொன்னத நான் எப்படி வெட்டறது? அது விளையாட்டு தாயி. அவ அப்படித்தான் பேசுவா. கடைசியில கேட்டேன். அப்பக் குரல் போயிடுச்சு. ஜலஜா, இத எல்லாருக்கும் குடுக்கட்டுமான்னேன். என் கையப் புடிச்சு அவ தலைமேல வெச்சுக்கிட்டு, ஆட்டினா. மேலயும் கீழயும், ரெண்டு தடவ. இந்தக் கைதான். தலையாட்டறத எந்த மைக்ல புடிக்கறது?"

ஹேமாவதி அவர் சொன்னதை நம்பினாள். குழுவுக்கு நீண்ட கடிதம் எழுதினாள். தன் வாழ்நாளில் முதல்முறையாக, விதியைத் தளர்த்தச் சொல்லி. நான்கு நாள் வாதம் நடந்தது. 'செக்போஸ்டே கதவைத் திறக்கச் சொல்கிறதா?' என்று ஒருவர் கேலி செய்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சு விளையாட்டாகச் சொன்னது, பிறகு சம்மதித்தாள் என்று கணவர் தன் குரலில் சாட்சி சொல்லிப் பதிவு செய்தால் போதும்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி விடுப்புப் போட்டுவிட்டு அரசிகெரெக்கு ஓடினாள். தம்மய்யா இந்தமுறை காபி போடவில்லை. மைக்கை அவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டே வாக்கியம் அண்ணா."

தம்மய்யா மைக்கைத் தடவிப் பார்த்தார். ஜலஜாட்சி பேசிய அதே மைக்தான். அதை மெல்ல அவள் பக்கமே நகர்த்தினார்.

"வரல தாயி. உங்க குறிப்பு வர்ற வரைக்கும் அது விளையாட்டா இருந்துச்சு. அன்னிக்கு அத அவ சிரிக்காமப் படிச்சா. சிரிக்காம அவ அதச் சொல்லிக் கேட்டப்புறம், விளையாட்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"அது மிஷின் அண்ணா. எழுதினது நான்."

"தெரியும். மிஷினக் கட்டினதே நான்தான?"

"அப்ப அந்தத் தலையாட்டல்?"

"என் கைக்குத் தெரியும். ஆனா வலி தாங்காம ஆட்டினாளோன்னு இப்ப ஒரு நெனப்பு வந்துடுச்சு. முன்ன அது இல்ல."

டிஸ்கைத் துணியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு ஹேமாவதி ஸ்டேஷனுக்கு நடந்தாள். மறுநாள் வரிசை மூடியது. 'ஜலஜா குரல்: அனுப்பியவரே திரும்பப் பெற்றுக்கொண்டார்' என்று அவள் எழுதிய வரி இன்றும் பொதுப் பக்கத்தில் இருக்கிறது. அறுநூற்றுப் பன்னிரண்டின் குறிப்பும் இருக்கிறது.

இது நடந்து மூன்று வருடமாகிறது. ஹொங்கேயின் புதிய பதிப்பு வந்துவிட்டது. தொகுப்பில் இல்லாததால் அந்தக் குரலைப் புதிய பதிப்புக்கு ஏற்ப யாரும் மாற்றவில்லை, அது அதில் ஓடாது. தம்மய்யா பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அதே வீட்டில் இருக்கிறார். புதிய பதிப்பு தானாக ஏறிவிடாதபடி கணினியின் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, பழைய பதிப்பிலேயே பேப்பர் கேட்கிறார். தினமும் காலையில் அன்றைய பேப்பரை ஸ்டேஷன் கடைக்காரர் ஒரு பென்டிரைவில் போட்டுத் தருகிறார். அந்தக் கணினிக்கு இது பதினோராவது வருடம். ஹேமாவதி ஹாசனில் அதே கல்லூரியில் இருக்கிறாள். பொதி பார்க்கும் வேலையை விட்டுவிட்டாள்.