மீன் ஐஸில் புதைந்த ஆழ்கடல் மண்

2008 ஜூலை, வெள்ளிக்கிழமை. காலை 9.40. விழுப்புரத்தில் புதுச்சேரி பேருந்து ஏறினேன். தூரம் நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் பதினைந்து ரூபாய். மடியில் ஒரு வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டி. பக்கத்து இருக்கை அம்மாள் வளவனூர் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பொட்டியில இன்னாம்மா?"

"ஒண்ணுமில்லம்மா, காலிப் பெட்டி."

"காலிப் பொட்டியவா இப்புடிக் கட்டிப் புடிச்சிக்கினு வர?" என்று சொல்லி, தன் பையை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று நானும் ஒரு மனிதரைத் திருடன் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் புறப்பட்டிருந்தேன்.

விஷயம் இதுதான். திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வுப் பட்டத்துக்குப் படிக்கிறேன். வங்கக் கடலின் அடி மண்ணில் எந்த ஆழத்தில் என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன என்பது என் ஆய்வு. கப்பலில் போனவர்கள் எனக்காக மூன்று இடங்களில் மண் எடுத்து வந்தார்கள்: இருநூறு மீட்டர், ஆயிரம் மீட்டர், இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர். முதல் இரண்டு மண்ணும் உடனே திருச்சிக்கு வந்துவிட்டன. ஆழத்து மண் மட்டும், ஆறு குழாய்களில், புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் துறை வாடகைக்குப் பிடித்திருந்த அறையின் ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம் இருந்தது. பிறகு அதைத் திருச்சிக்குக் கொண்டுவந்து ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தேன். விளக்கை அணைத்தால் நீலமாய் ஒளிரும் பாக்டீரியா, தட்டு நிறைய! வெயிலே படாத ஆழத்தில் இப்படி ஒரு கூட்டமா என்று துள்ளிக் குதித்தேன். ஒரு முழு அத்தியாயமே எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் இடி விழுந்தது. அதே மண்ணின் இன்னொரு பங்கை, கப்பலிலிருந்து நேராக வாங்கிய வேறோர் ஆய்வகம் வளர்த்துப் பார்த்ததில் ஒளிரும் பாக்டீரியா ஒன்றுகூட இல்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்த ரூம்ல இருக்கிற ஆள்தான் மண்ணை மாத்தியிருக்கணும். கொட்டியிருப்பான், பயந்துபோய்க் கடற்கரையில வழிச்சுப் போட்டிருப்பான். எழுதி வாங்கிட்டு வாம்மா, வேலையை விட்டுத் தூக்கிடலாம்." எனக்கும் அது சரியாகவே பட்டது. என் அத்தியாயம் போவதென்றால் யாராவது ஒருவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டாமா?

காலை 10.55. வில்லியனூர் தாண்டி ரெட்டியார்பாளையத்தில் இறங்கினேன். அந்த "ஆள்" சேவியர், ஐம்பத்து மூன்று வயது, துணி மில்லில் வேலை செய்தவர். மில் வேலை போன பிறகு எங்கள் அறையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க மேடம். டீ வாங்கியாந்து வெச்சிருக்கேன், ஆறிடப் போவுது."

இந்த உபசாரமே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. டீயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தடயமாக ஏதாவது மண் மிஞ்சியிருந்தால் எடுத்துப்போகத்தான் அந்தக் காலிப் பெட்டி. படு சுத்தம். இவ்வளவு சுத்தம் எதை மறைக்க? கேட்டே விட்டேன்.

"மே மாசம் என் மண்ணு இங்க இருந்தப்போ ஏதாவது நடந்துதா?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சேவியருக்கு எதுவும் குறுகுறுத்ததாகத் தெரியவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அத யாரும் கேக்கவே இல்லியேன்னு இருந்தேன் மேடம்! டிரான்ஸ்பாரம் வெடிச்சி ரெண்டு நாளு கரண்டு இல்ல. நான் வுட்டுடுவனா?"

ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். மில்லில் தறி நின்றால் எப்போது நின்றது, ஏன் நின்றது, என்ன செய்தோம் என்று எழுதாமல் ஷிப்டு விட்டுப் போகக் கூடாதாம். அந்தப் பழக்கத்தில் இங்கும் எழுதி வைத்திருக்கிறார். "காலை 7.10 கரண்டு போச்சு. 8.00 பெரிய மார்க்கெட் மீன் ஐஸ் ஒரு பொட்டி. மண்ணு குழாய் ஆறும் ஐஸ்ல பொதச்சாச்சு. 2.00 ஐஸ் கரஞ்சிது, குழாய் தண்ணில மெதந்துது, தொடச்சி வேற ஐஸ் போட்டாச்சு." இப்படியே இரண்டு நாள்.

நோட்டிலிருந்து நிமிர்ந்தேன். "மீன் ஐஸா?"

"வேற எங்க மேடம் அவ்ளோ ஐஸு கெடைக்கும்? மார்க்கெட்ல மீன் விக்கிற நம்ம செல்விதான் குடுத்துச்சி."

அதையும் நான் உடனே நம்பவில்லை. மண்ணை மாற்றியவருக்கு நோட்டில் பொய் எழுதத் தெரியாதா? செல்வியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

பகல் 12.20. ஐந்து கிலோமீட்டர், டெம்போவில் ஆளுக்கு ஐந்து ரூபாய். பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதியில் கால் வைத்த இடமெல்லாம் சகதி. கூடைக்காரர்கள் "ஓரம், ஓரம்" என்று தள்ளிக்கொண்டு போனார்கள். செல்விக்கு நாற்பது வயதிருக்கும். வஞ்சிரம் வெட்டும் கையை நிறுத்தாமலே பேசினார்.

"ஆமா, மே மாசம் அண்ணன் வந்து நாலு தபா ஐஸு வாங்கினு போச்சி. பழைய ஐஸு, கடம்பா கெடந்த பொட்டிதான். அதுக்கு இன்னா இப்ப?"

"அந்த மாதிரிப் பெட்டியில ஏதாவது மின்னுமா?" என்று கேட்டேன். கடல் மீன்மேல் ஒளிரும் பாக்டீரியா வளரும் என்று எப்போதோ படித்திருந்தேன்.

செல்வி சிரித்தார். மேடைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். முந்தின நாள் கடம்பா மீன், அதாவது கணவாய், உள்ளே கிடந்தது. என் தலையையும் சேர்த்து ஈரச் சாக்கால் மூடி, "நல்லா குனிஞ்சி பாரு" என்றார். முதலில் ஒன்றும் தெரியவில்லை, நாற்றம்தான். கண் பழகியதும் மீன்மேல் நீல ஒளி திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கரைந்த ஐஸ் தண்ணீரிலும் அதே நீலம். இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் நான் கண்டுபிடித்த அதிசயம், பெரிய மார்க்கெட்டில் ஈரச் சாக்குக்குள் இருந்தது.

"களுவுனா போயிடும், பயப்படாத," என்றார் செல்வி, வெளியே வந்த என் முகத்தைப் பார்த்து.

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. மூடிய குழாய்க்குள் அந்தத் தண்ணீர் எப்படிப் போகும்?

பகல் 2.00. திரும்பி வந்ததும் அதையே கேட்டேன். "மூடியை நீங்க சரியா மூடலையா?" மனத்தின் ஒரு மூலை, ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவரைக் கெஞ்சியது. சேவியர் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். "மண்ணுக்குக் காற்று வேண்டும். மூடியை முழுக்க இறுக்கக் கூடாது." கீழே என் கையெழுத்து.

"நீங்க சொன்னாப்புல அர சுத்து தளத்தியே வெச்சிருந்தேன் மேடம். கரண்டு போனாலும் அத மாத்தல," என்றார் பெருமையாக.

எனக்கு அவமானமாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். ஐஸ் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அந்த ஆறு குழாயும் வீண். அவர் முகம் சுருங்கிவிட்டது. நோட்டில் ஐஸ் போட்ட வரிமேல் விரலை வைத்தார்.

"அப்ப நான்தான் கெடுத்துட்டனா?"

"இல்லண்ணே."

பேராசிரியர் எழுதி வாங்கச் சொன்னது நினைவிருந்தது. சேவியரிடம் கேட்டால் அந்தப் பக்கத்தை அப்படியே கிழித்துக் கொடுத்துவிடுவார். அதை வைத்தே அவர் வேலையைப் பறித்துவிடலாம். "ஊழியரின் கவனக்குறைவு" என்று ஒரு வரி போட்டு நானும் தப்பித்துவிடலாம். பேனாவை வாங்கி, அவருடைய கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்: "மூடியைத் தளர்த்தி வைக்கச் சொன்னது நான். கரண்ட் போனால் என்ன செய்வது என்று சொல்லாததும் நான்." கையெழுத்திட்டு, பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நோட்டை அவரிடமே கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

பிற்பகல் 3.30. விழுப்புரம் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருச்சியில் எங்கள் ஆய்வகத்து நோட்டுகளை நினைத்துப் பார்த்தேன். அழகான எண்கள், ஒரு தடங்கலும் இல்லாத நாட்கள். நின்றுபோன நேரத்தை எழுதும் வழக்கம் எங்களிடம் இல்லை. அந்த நீல ஒளியைக் கண்ட நாளில் நான் யாரையும் சந்தேகப்படவில்லை. கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் அன்றே கேட்டிருக்க வேண்டும். பிடித்த பதில் வந்துவிட்டதே என்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.