முப்பத்தோராம் இலக்கக் கபினில் வடிந்த நீர்

2025 பெப்ரவரி 14 — கபின் வாடகை, மூன்று இரவு, கட்டியது — 1,146.00
பெப்ரவரி 26 — வந்தது — 1,146.00
மார்ச் 3 — திருப்பி அனுப்பியது — 1,146.00
மார்ச் 20 — வந்தது — 1,146.00
மார்ச் 24 — திருப்பி அனுப்பியது — 1,146.00
மே 8 — வந்தது — 1,396.00
மே 12 — திருப்பி அனுப்பியது — 1,396.00

கட்டிய காசைத் திருப்பித் தா என்று சண்டை பிடிக்கிறவர்கள் ஸ்காபரோவில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். தந்த காசை வேண்டாம் என்று சண்டை பிடித்தவர், தெரிந்தவரை, தியாகலிங்கம் ஒருவர்தான்.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. பனிச்சறுக்கு மலைகளில் விருந்தினர் தங்குவதற்கான கபின்களைச் செய்து அனுப்பும் ஒஷாவாத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். சுவரும் கூரையும் நடுவில் நுரை வைத்த தடித்த பலகைகளாகத் தொழிற்சாலையிலேயே தயாராகும். அவற்றை லொறியில் ஏற்றி மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய் மூன்று நாளில் பொருத்திவிடுவார்கள். வெளியே மைனஸ் இருபத்தைந்து என்றாலும் உள்ளே ஒரு சின்ன ஹீற்றர் போதும். காற்றுப் புகாது என்பதே அந்தக் கபின்களின் பெருமை. புகாமல் பார்ப்பது கடைசிப் பதினாறு வருடமும் தியாகலிங்கத்தின் பொறுப்பாக இருந்தது. பலகைப் பொருத்துகளை விரலால் தடவி, விளக்குப் பிடித்துப் பார்த்து, சரியென்றால் 19 என்ற முத்திரையைக் குத்துவார். அந்தத் தொழிற்சாலையில் 19 என்றால் அவர்.

ஓய்வு பெற்ற அன்று கணக்குப் பார்த்தார். அவருடைய முத்திரையோடு போன கபின்கள் 1,284. பழுதென்று முறைப்பாடு வந்தவை பூச்சியம். கேக் வெட்டியபோது முகாமையாளர் இதைச் சொல்லவில்லை. நல்ல மனிதர் என்று சொல்லி ஒரு மணிக்கூட்டைக் கையில் கொடுத்தார். அந்தப் பூச்சியத்தைத் தியாகலிங்கமே தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டார்.

இத்தனை கபின்களை அனுப்பியும் ஒன்றில்கூட அவர் படுத்ததில்லை. பழைய தொழிலாளிகளுக்குப் பதினைந்து வீதம் கழிவு உண்டு என்று றோய் சொன்னான். றோய் அவரிடம் வேலை பழகியவன், இப்போது அங்கே மேற்பார்வையாளன். குடும்ப தின விடுமுறைக்கு, இரண்டரை மணிநேரம் வடக்கே இருந்த மலையொன்றில் கபின் பதிந்தார்கள். எந்தக் கபின் என்றாலும் பரவாயில்லையா என்று தொலைபேசியில் கேட்ட பெண்ணிடம், முப்பத்தோராம் இலக்கம்தான் வேண்டும் என்றார் தியாகலிங்கம். அது அவர் முத்திரை குத்திய கபின் என்று கொப்பியில் இருந்தது.

ஆறு பேருக்கான கபினுக்குள் பதினொரு பேர் போனார்கள். மனைவி குணவதி, மகன் வாகீசன், மருமகள், பிள்ளைகள், மருமகளின் பக்கத்து ஆட்கள். பனியில் சறுக்கியது மூன்று பேர். மற்றவர்கள் சமைத்தார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் குணவதி இரண்டு அடுப்பில் இடியப்பம் அவிக்கத் தொடங்கினார். மூன்று மணிநேரம் ஆவி பறந்தது. பக்கத்தில் சோற்றுப் பானை வேறு.

குசினி மேசைக்கு மேலே சுவரில் ஒரு காற்றுவழி இருந்தது. ஈரக்காற்றை வெளியே தள்ளிவிட்டு, வெளிக்காற்றைச் சற்றுச் சூடாக்கி உள்ளே விடுகிற பெட்டியின் வாய் அது. காற்றுப் புகாத வீட்டுக்கு அதுதான் மூக்கு.

"இஞ்சருங்கோ, இந்த ஓட்டையாலை பிடரியிலை குளிர் அடிக்குது," என்றார் குணவதி. "இவ்வளவு காசையும் வாங்கிப்போட்டு, சுவரிலை ஓட்டையோடை தந்திருக்கிறாங்கள்." ஒரு துவாயைச் சுருட்டி அதற்குள் அடைத்தார்.

தியாகலிங்கம் பக்கத்தில்தான் நின்றார். அப்போது மாலை 6.40.

விடியற்காலையில் மேல்தட்டில் படுத்திருந்த வாகீசனின் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. கூரையின் முகட்டுப் பொருத்து நெடுக நீர் கோத்துக்கொண்டு நின்றது. யன்னல் கண்ணாடிகளின் உட்பக்கத்தில் விரல் தடிப்பில் ஐஸ் பிடித்திருந்தது. பராமரிப்புக்காரன் வந்து ஏணி வைத்துத் தொட்டுப் பார்த்து, கூரை ஒழுகுகிறது என்றான். தியாகலிங்கம் காற்றுவழியிலிருந்து துவாயை இழுத்தெடுத்து, கூரை ஒழுகவில்லை, இது எங்களுடைய ஆவி என்று காட்டினார். துவாயைப் படம் எடுக்கச் சொன்னார். அவன் கூரையை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

பெப்ரவரி 26 அன்று மலை நிர்வாகத்திடமிருந்து காசோலையும் கடிதமும் வந்தன. கூரைப் பொருத்தில் தொழிற்சாலைப் பழுது என்றும், வாடகையை முழுதாகத் திருப்பித் தருகிறோம் என்றும், தொழிற்சாலையிடம் முறைப்பாடு கொடுத்துவிட்டோம் என்றும் கடிதம் சொன்னது. தியாகலிங்கம் அதை மூன்று தரம் வாசித்தார். 1,284க்கு எதிரே இருந்த பூச்சியம் ஒன்றாகப் போகிறது. அதுவும் இடியப்பத்தால்.

அவர் எழுதினார். ஆறு பேருக்கான இடத்தில் பதினொரு பேர் இருந்ததையும், அவித்த இடியப்பம் இருநூற்றுப் பத்து என்பதையும், காற்றுவழி எத்தனை மணிநேரம் அடைபட்டிருந்தது என்பதையும் எழுதி, காசோலையை உள்ளே வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. உள்ளே அதே காசோலை. மறுபடி அனுப்பினார். ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, தொகை போதவில்லையா என்று மிகவும் அன்பாகக் கேட்டாள். அவர் இருபது நிமிடம் விளங்கப்படுத்தினார். மே மாதம் வந்த காசோலையில், சிரமத்துக்காக என்று இருநூற்றைம்பது டொலர் கூட்டியிருந்தார்கள்.

"அப்பா, நீங்கள் கூடக் கேட்டு வெருட்டிறியள் எண்டு நினைக்கிறாங்கள்," என்று வாகீசன் சிரித்தான். "இன்னும் ரெண்டு கடிதம் போடுங்கோ, கபினையே எழுதித் தந்திடுவாங்கள்."

"பகிடி விடாதை. கூரை ஒழுகேல்லை."

"ஒழுகேல்லைத்தான். ஆனா என்ரை நெத்தி நனைஞ்சதெல்லோ. அந்தக் காசை எனக்காவது தாங்கோ."

மூன்றாம் கடிதத்தின் பிரதி மேசையில் கிடந்தது. குணவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எடுத்து வாசித்தார். அவருக்கு அந்தளவு ஆங்கிலம் தெரியும்.

"'என் மனைவி துவாயால் அடைத்தார்' எண்டு எழுதியிருக்கிறியள்."

"நீர்தானே அடைச்சது."

"ஓம், நான்தான். அதை ஏன் வெள்ளைக்காரனுக்கு எழுதவேணும்? நாளைக்கு உந்த மலை வாசலிலை என்ரை படத்தை ஒட்டி, இவவை உள்ளுக்கு விடாதேங்கோ எண்டு போடட்டோ?"

"நடந்ததை நடந்தமாதிரி எழுதவேணும், குணம்."

"அப்ப முழுக்க எழுதுங்கோ. நான் அடைக்கேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்? இப்ப கழுத்துக்கு நல்லாயிருக்கு எண்டு ஆர் சொன்னது?"

தியாகலிங்கம் கடிதத்தை வாங்கி மடித்தார். அவர்தான் சொன்னார். துவாய் உள்ளே போனபோதே அதை எடுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பிடரியும் குளிர்ந்துகொண்டிருந்தது. சாப்பிட்டபிறகு எடுக்கலாம் என்று நினைத்தார், பிறகு மறந்துபோனார். நேரத்தைக்கூடக் குறித்து வைத்தவர் இந்த ஒரு வரியை மட்டும் மூன்று கடிதத்திலும் எழுதவில்லை. கொப்பியிலும் எழுதவில்லை.

யூன் மாதம் றோய் தொலைபேசியில் வந்தான்.

"அண்ணை, உந்த மலையிலை வேறை ஆள் முத்திரை குத்தின மூண்டு கபின் உண்மையாவே ஒழுகுது. அதோடை உங்கடை முப்பத்தொண்டையும் சேர்த்திட்டினம். இஞ்சை மேலிடமும் ஓமெண்டிட்டுது."

"ஒரு ஆளை அனுப்பிப் பாக்கச் சொல்லு. பொருத்தைப் பாத்தால் தெரியும்."

"ஆளை அனுப்பிற செலவிலும் பாக்கக் கூரையை மாத்திறது மலிவாம்."

"அப்ப 19 பிழையெண்டு எழுதுவினமோ?"

"எழுதுவினம். அதுக்கென்ன? நீங்கள் பென்சன் எடுத்து அஞ்சு வருசம். அந்த நம்பர் ஆரெண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. உங்களை ஒருத்தரும் கேக்கமாட்டினம், அண்ணை."

ஆறுதலாக என்று நினைத்துத்தான் அவன் அதைச் சொன்னான். அன்று முழுதும் தியாகலிங்கம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பஸ்ஸில் கோயிலுக்குப் போய், உள்ளே போகாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்.

யூன் 16 அன்று நாலாவது கடிதத்தை எழுதினார். இம்முறை மலைக்கு அல்ல, தொழிற்சாலைக்கு. மனைவியைப் பற்றிய வரியை எடுத்துவிட்டார். பரிசோதகர் 19 ஆகிய நானே அடைப்பைக் கண்டேன், அது தவறு என்று அறிந்திருந்தும் அகற்றவில்லை, கபினில் பழுது இல்லை என்று எழுதினார். கழற்றும் பலகைகளை எறியுமுன் பொருத்தைப் பாருங்கள் என்று கேட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகு காத்திருந்தார். யூலை போனது, ஓகஸ்ட் போனது. தபால் பெட்டிக்குப் போகும் வழியில் பக்கத்து அப்பார்ட்மென்ற் ஆட்கள் அவருக்கு லொத்தர் விழுந்திருக்கிறதோ என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கடைசியில் தொழிற்சாலையிலிருந்து வந்த கடிதம் ஒரு பக்கம். யூலை 22 அன்று கூரை மாற்றப்பட்டது. கழற்றிய பலகைகளின் பொருத்துகளில் உடைவோ இடைவெளியோ காணப்படவில்லை. ஈரத்துக்கான காரணம் கண்டறியப்படவில்லை. முறைப்பாடு முன்பே ஏற்றுக்கொள்ளப்பட்டதால், பரிசோதகர் 19க்கான பழுது எண்ணிக்கை ஒன்று என்பதில் மாற்றம் இல்லை. கோப்பு மூடப்பட்டது. மேற்கொண்டு எழுதவேண்டாம். உள்ளே காசோலை இருக்கவில்லை.

"என்னவாம்?" என்று குசினியிலிருந்து குணவதி கேட்டார்.

"காரணம் தெரியாதாம்."

"எங்களைக் கேட்டிருக்கலாமே."

"நாலு தரம் சொன்னனான்."

குணவதி வந்து கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பொருத்துகளைப் பற்றிய வரியில் விரலை வைத்து, "உங்கடை கை பிழைக்கேல்லை எண்டு போட்டிருக்கிறாங்கள்தானே," என்றார். அது உண்மைதான். ஆனால் அதே பக்கத்தில் இரண்டு வரி தள்ளி ஒன்று என்றும் போட்டிருந்தார்கள்.

தியாகலிங்கம் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். பூச்சியத்தின் மேல் அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டு வெட்டினார். பக்கத்தில் 1 என்று எழுதினார். இரட்டைக் கோட்டுக்குக் கீழே அதுவரை ஒன்றும் எழுதியதில்லை. இப்போது எழுதினார்.

கபின் 31. கூரையில் பழுது இல்லை. காற்றுவழி துவாயால் அடைபட்டது, மாலை 6.40. பார்த்து நின்று சரி சொன்னது: 19.

கடைசிக் கடிதம் வந்தது: 2025 செப்ரெம்பர் 9.