புங்கமரங்களில் கட்டிய படங்கள்

கல்லூரியில் வரலாறு இரண்டாம் வருடம் படித்தபோது எங்களை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் எங்கள் பேராசிரியை, "இதெல்லாம் பாக்காத பசங்கதான் நம்ம காலேஜ்ல ஜாஸ்தி. படமா வாங்கி வெளியில வைக்கலாம். ஆனா நீங்களேதான் செய்யணும்" என்றார். நான் கை தூக்கினேன். என் வகுப்புத் தோழிகள் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

பெரிய புகைப்படங்களை அருங்காட்சியகத்தார் இரவல் கொடுத்தார்கள். அவற்றை அட்டையில் பொருத்தி, மழைக்குப் பாலித்தீன் சுற்றி, கேட்டிலிருந்து கேன்டீனுக்குப் போகும் வழியில் புங்கமரங்களில் கட்டினோம். வெண்கலச் சிலைகள், செங்கம் பக்கத்து நடுகற்கள். எனக்குப் பிடித்தது ஒரு சிறிய ஓவியத்தின் படம். ஜன்னலோரம் ஒரு பெண் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். அதைக் கடைசி மரத்தில் கட்டினேன்.

முதல் நாள் யாரும் நிற்கவில்லை. மறுநாள் காலையில் அம்மன் சிலைப் படத்தின்மேல் குங்குமம் இருந்தது. பிறகு பூச்சரம். அப்புறம் கற்பூரம். கேன்டீனுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். கற்பூரச் சூட்டில் பாலித்தீன் உருகி, அட்டையின் ஓரம் கருகத் தொடங்கியது. திருப்பிக் கொடுக்கவேண்டிய படம். அவிழ்த்துக்கொண்டுபோய்த் துறை அறையில் வைத்தேன்.

மதியம் தோழிகளில் ஒருத்தி கேட்டாள். "சாமிய எப்படிடி கழட்டுவ?"

"போட்டோதானடி. எரிஞ்சிடும்னு எடுத்தேன்."

"உனக்கு போட்டோ. எங்களுக்கு இல்ல."

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மற்ற இருவரும் அவள் பின்னால் போனார்கள். சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அவர்களில் வழக்கமாக எனக்கு இடம் பிடித்து வைப்பவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நின்றபடியே ஊர் போய்ச் சேர்ந்தேன்.

அதன்பின் கடைசி மரத்தடியில் தனியாகச் சாப்பிட்டேன். ஓவியத்துப் பெண் அழுகிறாள் என்றே நினைத்திருந்தேன். அவள் பக்கத்தில் சாப்பிடுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஒருநாள் கணிதத் துறை மாணவி ஒருத்தி அங்கே வந்து நின்றாள். பர்தா போட்டிருந்தாள். அதுவரை அவளோடு நான் பேசியதில்லை.

"இவங்க யாருங்க?"

"தெரியல. மியூசியத்துலயும் பேர் போடல. அழுவுறாங்க போல."

அவள் குனிந்து பார்த்தாள். "இல்லங்க, தைக்கிறாங்க. வெரலப் பாருங்க. எங்கம்மா ஊசி புடிச்சா இப்படித்தான் இருக்கும்."

பார்த்தேன். ஆமாம், தைத்துக்கொண்டுதான் இருந்தாள். இத்தனை நாள் அது என் கண்ணில் படவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என்னோடு இருந்த ஒருத்தியும் எழுந்து போய்விட்டது போலிருந்தது. உட்காரச் சொல்ல வாயெடுப்பதற்குள் மணி அடித்தது. "வரேங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பிறகு சில தடவை தன் தோழிகளோடு அந்த வழியே போனாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நிற்கவில்லை.

மழை வலுத்ததும் படங்களை இறக்கினோம். நானும் பியூனும்தான். பேராசிரியை, "பசங்க பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தங்க நல்லா பாத்தாங்க மேடம்."



பரீட்சை நெருங்கியபோது தோழிகள் என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்டு வந்தார்கள். சொல்லிக்கொடுத்தேன். பேச்சு பழையபடி ஆகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டபோது மட்டும், பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.