டெக்ஸாஸ் நட்சத்திரம் கலிபோர்னியாவில் செல்லாது

1. பட்டியல் ஒட்டியவன்

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டப்ளின் என்ற ஊரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் முன்மேஜை வேலை பார்த்தேன். பாடத்துக்கு நேரம் குறிப்பது, போன் எடுப்பது, லைசென்ஸ் வாங்கப் போகிறவர்களின் பேப்பர்களைச் சரிபார்த்து அனுப்புவது. என் தலைக்குமேல் சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. லைசென்ஸ் கொடுக்கும் டி.எம்.வி. ஆபீஸுக்கு என்னென்ன பேப்பர் எடுத்துப் போக வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் நானே டைப் செய்து ஒட்டியது.

ஒரு திங்கட்கிழமை ஓனர் ரோஸி அக்கா என்னைக் கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர். இங்கே இருபது வருடமாக இருக்கிறார்; பேச்சு மட்டும் இன்னும் விமானம் ஏறவில்லை.

"தங்கராசு, புது வண்டி வந்துட்டு. ஓட்டச் சொல்லிக்குடுக்க ஆள் வேணும். நீயே செய்யுதியா?"

எட்டு மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். செய்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் கையை நீட்டினார்.

"அப்ப உன் லைசென்ஸக் குடு. இன்சூரன்ஸ்காரனுக்கு அனுப்பணும்."

கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏல, இது டெக்ஸாஸ் லைசென்ஸு. அதுவும் வர்ற வெள்ளிக்கிழம முடியுது."

டல்லாஸில் எம்.எஸ். படித்தபோது வாங்கியது. இந்த மாநிலத்துக்குக் குடிவந்தால் பத்து நாளில் லைசென்ஸை மாற்ற வேண்டும். தினமும் ஐந்து பேருக்காவது அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

"வெள்ளிக்குள்ள கலிபோர்னியா லைசென்ஸ் காட்டு. இல்லேன்னா ஃப்ரீமான்ட்ல ஒரு பையன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவனப் போட்டுருவேன். கோவப்படாத, வண்டிய சும்மா நிறுத்தி வைக்க முடியாது."

கோபம் வரவில்லை. வெள்ளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

2. நான் எங்கே இருக்கிறேன்?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டில் எல்லோருக்கும் பொதுவான அடையாள அட்டை கிடையாது. டிரைவிங் லைசென்ஸ்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதைக் கொடுப்பது அந்தந்த மாநிலம். ஆனால் அந்த அட்டையைக் காட்டி உள்நாட்டு விமானம் ஏறவேண்டும் என்றால், அதன்மேல் ஒரு நட்சத்திரம் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். நட்சத்திரம் வேண்டுமானால் நீ யார், எந்த விசாவில் இருக்கிறாய் என்பதோடு, எங்கே குடியிருக்கிறாய் என்பதற்கு இரண்டு பேப்பர் காட்ட வேண்டும். நட்சத்திரம் இல்லாத லைசென்ஸும் உண்டு. அதற்கு வீட்டு முகவரிக்கு ஒரு பேப்பர் போதும். வண்டி ஓட்டலாம், விமானத்துக்கு ஆகாது.

விசா நீட்டிப்பு வந்திருந்தது. வேலை பெர்மிட் கையில் இருந்தது. முகவரிக்கு இரண்டு பேப்பர்தானே என்று அன்று மாலை வீட்டில் தேட ஆரம்பித்தேன்.

வாடகை ஒப்பந்தம் என் மனைவி நித்யாவின் பெயரில் இருந்தது. குபெர்டினோவில் வேலை கிடைத்ததும் அவள்தான் இந்த வீட்டைப் பிடித்தாள். நான் கல்யாணத்துக்குப் பிறகு, அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். கரண்ட் பில் நித்யா. இன்டர்நெட் நித்யா. கார் இன்சூரன்ஸ் நித்யா. என் பேங்க் அக்கவுண்ட் டல்லாஸில் திறந்தது, முகவரியை மாற்றவே இல்லை. சம்பளச் சீட்டிலும் டல்லாஸ் முகவரிதான். வேலையில் சேரும்போது, லைசென்ஸில் இருப்பதுபோலவே ஃபாரத்திலும் இருக்க வேண்டும் என்று ஒரு எழுத்து மாறாமல் எழுதிக் கொடுத்திருந்தேன்.

போன் பில்லாவது என்னுடையதாக இருக்கும் என்று நினைத்தேன். அது கார்த்திக்கின் பெயரில் இருந்தது. டல்லாஸில் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தபோது சேர்ந்து போட்ட ஃபேமிலி பிளான். படிப்பு முடிந்து ஐந்து பேரும் நான்கு மாநிலத்துக்குப் போய்விட்டோம். மூன்று பேருக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. போன் கம்பெனியைப் பொறுத்தவரை இன்னும் கார்த்திக்தான் எங்கள் குடும்பத் தலைவன்.

நித்யா சோபாவில் சாய்ந்துகொண்டு நான் தேடுவதையே பார்த்தாள்.

"ஏங்க, ஒரு வருசமா தினமும் என்கூட உக்காந்து தோசை சாப்பிடறீங்க. அதுக்கு ஒரு ஆதாரங்கூட இல்லீங்களா?"

"தோசைக்கு ரசீது குடுத்திருந்தா இருந்திருக்கும்."

"லீஸ்ல பேரச் சேக்கறேன்னு போன மாசமே சொன்னேன். நீங்கதான், எதுக்கு நித்யா, ஒரு வீட்டுக்கு ஒரு பேர் போதும்னீங்க."

சொன்னது உண்மை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பெயர் போதும். அது ஆம்பளை பெயராக இருக்கும் என்பது மட்டும்தான் வித்தியாசம். ஊரில் எத்தனை பெண்களுக்கு இந்த நிலைமை இருக்கும் என்று முதல்முறையாக யோசித்தது அன்றைக்குத்தான்.

வழி இருந்தது. நித்யாவின் பில்களோடு கல்யாணச் சான்றிதழையும் சேர்த்துக் காட்டினால், அவள் முகவரியே என் முகவரியாக எடுத்துக்கொள்வார்கள். பட்டியலில் பதினோராவது வரி. நிம்மதியாகத் தூங்கினேன்.

3. கண்ணாடிபோல் பளபளப்பு

செவ்வாய்க்கிழமை டி.எம்.வி. கவுண்டரில் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். பெர்மிட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பில்களைப் பார்த்துத் தலையாட்டினார். கல்யாணச் சான்றிதழைக் கையில் எடுத்ததும் நிறுத்திவிட்டார். விளக்குக்கு நேராகப் பிடித்தார். நகத்தால் தட்டினார். டக் டக் என்று சத்தம் வந்தது.

"இதற்குள் இருப்பது ஒரிஜினலா?"

"ஆமாம் மேடம். ஒரிஜினலைத்தான் லேமினேட் செய்திருக்கிறேன்."

"ஏன்?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பல்லடத்தில் தறி ஓட்டினார்கள். பத்தாவது மார்க் ஷீட் வந்த அன்றே அப்பா அதை பஸ் ஏறிப் போய் லேமினேட் செய்துகொண்டு வந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. நனைந்தால் போய்விடும் என்பது தெரியும். அன்றிலிருந்து முக்கியமான காகிதம் எது வந்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. கல்யாணம் ஆன மறுவாரம் சான்றிதழை லேமினேட் செய்தபோது, மாப்பிள்ளை ரொம்பப் பொறுப்பு என்று நித்யா வீட்டில் பாராட்டினார்கள்.

"பாதுகாப்புக்காக, மேடம்."

"பிளாஸ்டிக்குக்குக் கீழே முத்திரை உண்மையா என்று என்னால் பார்க்க முடியாது. வேறு பேப்பர் கொண்டு வாருங்கள். நட்சத்திரத்துக்கு இரண்டு, சாதாரண லைசென்ஸுக்கு ஒன்று."

"பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்துவிட்டால்?"

"சார், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்."

மிகவும் பரிவாகத்தான் சொன்னார். வந்ததற்கு எழுத்துத் தேர்வையாவது எழுதிவிட்டுப் போகச் சொன்னார். எழுதினேன். இரண்டு கேள்வி தப்பு. பாஸ்தான், ஆனால் அந்த இரண்டைப் பற்றி ஆபீஸில் இதுவரை வாய் திறக்கவில்லை.

4. ஆதார் கார் ஓட்டுமா?

புதன்கிழமை ஆபீஸில் இதுதான் பேச்சு. பாடத்துக்கு வந்திருந்த வசந்தி ஆன்ட்டியும் சேர்ந்துகொண்டார். அவர் வண்டி ஏறப் போகும்போதெல்லாம், 'கண்ணாடி, தலையத் திருப்பிப் பாருங்க' என்று மேஜையிலிருந்தே கத்துவது என் வழக்கம். மகள் வீட்டுக்கு கிரீன் கார்டில் வந்தவர். சென்னையில் பத்திரப் பதிவு ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். லேமினேஷன் கதையைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னப்பா நீ, சீல் வச்ச பேப்பரப் போய் யாராவது ஒட்டுவாங்களா? சரி, எப்படியாவது ரெண்டு பேப்பர் தேடி ஸ்டாரோடவே வாங்கிடு. ஸ்டார் இல்லாம வாங்கினா அதுல பெருசா எழுதிடுவானாமே, இது ஃபெடரல் கவர்மென்டுக்குச் செல்லாதுன்னு. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

ரோஸி அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "என்னத்த நெனைப்பாங்க? லைசென்ஸுன்னா என்ன ஆன்ட்டி? இவனுக்கு பிரேக் எங்க இருக்குன்னு தெரியும், அம்புட்டுதான். அதுல போயி நீ எந்த விசா, எம்புட்டு நாள் இருப்பே, வீட்ல யாரு பேர்ல கரண்டுன்னு எதுக்குக் கேக்கணும்?"

"ஏம்மா, ஊர்ல ஆதார் கேக்கலையா? ஒரே கார்டு. பேங்க், கேஸ், சிம் எல்லாத்துக்கும் அதான். எவ்ளோ சௌகரியம்."

"ஆதார் காரு ஓட்டுதா?"

"ஓட்டாது. ஆனா ஓட்டறவன் யாருன்னு சொல்லும்ல."

"அதத்தான் வேண்டாங்கேன். நாடு பூரா ஒரே கார்டு வேணும்னா அதத் தனியா போட்டுக்க. லைசென்ஸு மேல ஏறி ஏன் உக்காருதான்?"

"அடப் போம்மா. நாடு பூரா ஒரே கார்டுன்னா, டெக்ஸாஸ்ல இவனுக்குக் குடுத்த ஸ்டார் இங்க செல்லணுமே? செல்லலையே. அப்புறம் எதுக்கு இப்படி பயப்படறே?"

அக்கா அவ்வளவு எளிதில் விடுகிற ஆள் இல்லை.

"அதான் ஆன்ட்டி எனக்குக் கோவமே. கேக்குற கேள்வியெல்லாம் நேஷனலு. குடுக்குற கார்டு மட்டும் லோக்கலு."

ஆன்ட்டி சிரித்துவிட்டார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீ என்னப்பா சொல்றே?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும் ஆன்ட்டி."

"பொழைக்கத் தெரிஞ்ச பதில்" என்றார் ரோஸி அக்கா. பிறகு புது வண்டியின் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "போயி பூஜை போட்டுட்டு வா." அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் பூஜை போடாத வண்டியில் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஏறமாட்டார்கள். அது தொழில் ரகசியம்.

கோயில் கவுண்டரில் பெயர் கேட்டார்கள், முகவரி கேட்டார்கள், நட்சத்திரம் கேட்டார்கள். ரோகிணி என்றேன். அதற்கு பேப்பர் எதுவும் கேட்கவில்லை. குருக்கள் பானெட்டில் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். ஆபீஸுக்குத் திரும்பி வந்து, சாவியோடு ரசீதையும் அக்காவிடம் நீட்டினேன். நீட்டிய கையை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

ரசீதில் என் பெயர் இருந்தது. டப்ளின் வீட்டு முகவரி இருந்தது. கோயிலின் பெயரும் முகவரியும் தேதியும் இருந்தன. அண்ணாந்து சுவரைப் பார்த்தேன். பட்டியலில் பதினான்காவது வரி: 'மத அமைப்புகள் கொடுத்த ஆவணம், பெயர் முகவரியுடன்.' இதை யார் கொண்டுபோகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நான் டைப் செய்த வரி.

5. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம்

வியாழக்கிழமை அதே கவுண்டர், அதே அம்மா. என்னைப் பார்த்ததும், "வெட்டவில்லையே?" என்றார்.

"இல்லை மேடம்" என்று ரசீதைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"வா... ஹ... ன பூ... ஜா. இது என்ன?"

"புது காருக்குப் பிரார்த்தனை, மேடம். விபத்து நடக்காமல் இருக்க."

"காருக்கா?"

"ஆமாம். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம்."

பக்கத்துக் கவுண்டர்காரரும் தன் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பலன் இருக்கிறதா?"

"எலுமிச்சம்பழத்துக்கு இல்லை" என்றேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஏழு நிமிடம் நின்றேன். ஃப்ரீமான்ட் பையன் எப்படி இருப்பான் என்றுகூட யோசித்துவிட்டேன். நல்ல உயரமாக இருப்பான் என்று தோன்றியது.

திரும்பி வந்தார். "சூப்பர்வைசர் சரி என்றார். ஒரு பேப்பர் ஆயிற்று. இன்னொன்று?"

இன்னொன்று இல்லை.

"அப்படியானால் நட்சத்திரம் இல்லாத லைசென்ஸ் இன்றைக்கே தரலாம். நட்சத்திரம்தான் வேண்டுமென்றால் இன்னொரு பேப்பரோடு வேறொரு நாள் வாருங்கள். எது வேண்டும்?"

உண்மையைச் சொல்கிறேன், தயங்கினேன். பள்ளியிலிருந்தே எந்தச் சான்றிதழிலும் ஒரு குறை இல்லாமல் வாங்கிப் பழக்கப்பட்டவன். 'செல்லாது' என்று அச்சடித்த அட்டையை நானே கேட்டு வாங்குவதா? ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை. அதைச் செய்ய வண்டி ஓட்டலாம் என்று சொல்கிற அட்டை போதும். விமானம் ஏற வேண்டி வந்தால் பாஸ்போர்ட் இருக்கிறது.

"இன்றைக்குக் கிடைப்பதைக் கொடுங்கள், மேடம்."

கட்டைவிரல் வைத்தேன், போட்டோ எடுத்தார்கள். அட்டை தபாலில் வரும், அதுவரைக்கும் இது என்று ஒரு தாற்காலிகக் காகிதம் கொடுத்தார்கள். அக்காவுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. "திங்கள் காலை 8. வசந்தி ஆன்ட்டி. ஃப்ரீவே."

6. இளையவர்களுக்கு

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு, அதிலும் கணவனோ மனைவியோ வேலை பார்க்க, அவர்களை ஒட்டி வருகிறவர்களுக்கு, நான் சொல்வது ஒன்றுதான். விமானத்தை விட்டு இறங்கிய வாரமே ஏதாவது ஒரு பில்லை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அன்பு இருக்கிறதே, பேப்பர் எதற்கு என்று நினைக்காதீர்கள். அன்பை எந்தக் கவுண்டரிலும் ஸ்கேன் செய்ய முடியாது. லைசென்ஸில் நட்சத்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதை ரோஸி அக்காவும் வசந்தி ஆன்ட்டியும் இன்றுவரை பேசி முடிக்கவில்லை. என்னை யார் கேட்டாலும், முதலில் ஓட்டுங்கள், பிறகு பேசலாம் என்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை வசந்தி ஆன்ட்டி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட் போட்டார். வண்டியை எடுப்பதற்கு முன் என் பக்கம் கையை நீட்டினார்.

"எங்க, உன் லைசென்ஸக் காட்டு. சொல்லிக்குடுக்கறவங்ககிட்ட கேக்கலாம்னு, பாடத்துக்குப் பேர் குடுத்தப்ப நீதானே சொன்னே."

காகிதத்தைக் கொடுத்தேன். பத்திரம் சரிபார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இதுல போட்டோவே இல்லையேப்பா. நீதான் தங்கராசுன்னு நான் எப்படி நம்பறது?"

"வண்டிய எடுங்க ஆன்ட்டி."

எடுத்தார். ஃப்ரீவேயில் சேரும் இடத்தில், தோளுக்குமேல் திரும்பிப் பார்க்காமல் அப்படியே இடதுபக்கம் போனார். பின்னால் ஒரு லாரி.

"ஆன்ட்டி, கண்ணாடி, கண்ணாடி, தலையத் திருப்பிப் பாருங்க, எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்று மூச்சுவிடாமல் கத்திக்கொண்டே என் பக்கத்து பிரேக்கில் கால் வைத்தேன்.

லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது. ஆன்ட்டி நிதானமாகக் கண்ணாடி பார்த்தார், தலையைத் திருப்பிப் பார்த்தார், லேனுக்குள் சேர்ந்தார்.

"சரிப்பா" என்றார். "நீதான்."